நிழல் பக்கத்து சீட்டு

உக்காருங்க தம்பி. இங்கிட்டு உக்காருங்க, இந்தப் பக்கம் நிழல். மத்தியானத்துக்கு மேல தெக்க போற வண்டியில இடது கைப் பக்கம்தான் உக்காரணும். அங்கிட்டு உக்காந்திருக்கிறவங்களைப் பாருங்க, கோவில்பட்டி போறதுக்குள்ள வெந்துருவாங்க. பாப்பாவை மடியில வச்சுக்கங்க. பையைக் கால்மாட்டுல வைங்க, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க, நான் பாத்துக்குறேன்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? குடுங்க பாப்போம். பயந்துறாதீங்க, பழக்கதோஷம். விருதுநகர்ல இருந்து சாத்தூர். ஒரு முழு, ஒரு அரை. பாப்பாவுக்கு அரை டிக்கெட் எடுத்திருக்கீங்களே. இவ இருக்கிற உசரத்துக்கு மூணு வயசுன்னு சொன்னாக்கூட கண்டக்டர் நம்பிருப்பான், டிக்கெட்டே வேண்டியிருந்திருக்காது. அதுவும் இந்தக் கண்டக்டர் போன்ல பேசிக்கிட்டே டிக்கெட் கிழிக்கிறவன், நாப்பது வயசு ஆளையே மூணுன்னு நினைப்பான். நீங்க கேக்காமலே எடுத்திருக்கீங்க. உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

சாத்தூருக்கு இதுதான் முதல் தடவையா? மச்சினி வீட்டு விசேஷமா. ஸ்டாப்புல வந்து நிப்பாங்களா? நல்லது. கவலைய விடுங்க, நான் இருக்கேன்ல. இந்த ரோட்டுல எனக்குத் தெரியாத புளியமரம் கிடையாது. இப்ப மரமே கிடையாது, நாலு வழிச் சாலை போடுறேன்னு எல்லாத்தையும் வெட்டிட்டானுங்க, அது வேற.

நான் பஸ் டிப்போவுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். சங்கரபாண்டின்னு பேரு. கண்டக்டர்ங்க வச்ச பேரு வேற, அதைப் பாப்பா முன்னாடி சொல்ல வேணாம். ரிட்டையர் ஆனவங்களுக்குப் பாஸ் உண்டு. வாரத்துல பாதி நாள் இப்படி ஏறி உக்காந்துக்குவேன். மதுரை போவேன், திரும்பி வருவேன். மதுரையில ஜோலின்னு ஒண்ணும் கிடையாது. நான் உக்காந்திருந்தா வண்டி ஒழுங்கா ஓடும், அதுக்குத்தான்.

என்ன பாப்பா பாக்குற? இதுவா? தொடக்கூடாது. இது பந்து பிடிக்கிற கிளவுஸ். அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒரு விளையாட்டு இருக்கு. நம்ம கிரிக்கெட் மாதிரிதான், ஆனா மட்டை உருட்டுக்கட்டை கணக்கா இருக்கும். என் பேத்தியோட கிளவுஸ் இது. ஜன்னல் கம்பி கையைச் சுடுது பாருங்க, அதுக்குத்தான் மாட்டிக்கிட்டு வாரேன். நல்ல தோலு. சூடு கொஞ்சம்கூட ஏறாது.

தம்பி, உங்களை ஒண்ணு கேக்குறேன். ஒரு பந்து விளையாட்டு பாக்கப் போனதுக்காக, பெத்த அப்பனை விமானம் ஏத்தித் திருப்பி அனுப்பின மகளைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா? திருடினேனா, குடிச்சேனா, யார் கையையாவது பிடிச்சு இழுத்தேனா? ஒண்ணும் இல்ல. உண்மையைச் சொன்னேன். அதுக்கு எனக்குக் கிடைச்சது கோவில்பட்டியில ஒரு ஹாஸ்டல். ஹாஸ்டல்னா வயசானவங்க ஹாஸ்டல். அங்க சாப்பாட்டு நேரத்துல யாரு ரெண்டாவது வடை எடுக்குறாங்கன்னு நான்தான் பாத்துச் சொல்றேன். என் மேசையில யாரும் உக்கார மாட்டாங்க. ஒரு மரியாதைதான்.

சுகந்தி எனக்கு ஒரே மக. அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளைக்கும் அதேதான். என் வீட்டுக்காரி தவறினதும் அவதான் கூப்பிட்டா. தனியா இருக்க வேணாம்ப்பா, கடைசி வரைக்கும் எங்க கூடவே இருங்கன்னா. நான் கேக்கல தம்பி, அவளா சொன்னது. வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போனேன். மாடியில எனக்குன்னு ஒரு ரூம் குடுத்தாங்க. ஜன்னலைத் தொறந்தா மரம். நிரந்தரமா இருக்கிறதுக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் மாப்பிள்ளையே ஓடி ஓடிச் செஞ்சார். குறை சொல்லக்கூடாது.

ஆனா அந்த வீட்டுல செக்கிங்கே கிடையாது தம்பி. அவங்கவங்க இஷ்டம். நான் போய்த்தான் ஒழுங்கு பண்ணினேன். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கொட்டிப் பாப்பேன். ஃபிரிட்ஜுல ஜூஸ் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாப்பேன். மாப்பிள்ளை லேட்டா வந்தா மறுநாள் காப்பி குடிக்கும்போது ஏன்னு கேப்பேன். கொஞ்ச நாள்ல மூணு பேரும் என்னைக் கண்டா டிக்கெட் எடுக்காதவன் மாதிரி அந்தப் பக்கமா நழுவ ஆரம்பிச்சாங்க. குடும்பம் வழிக்கு வருதுன்னு எனக்குச் சந்தோஷம்.

பேத்திக்கு ஆதிரைன்னு பேரு. அங்க எல்லாரும் ஆடி, ஆடிங்குறாங்க, ஆடி மாசம் மாதிரி. ஒம்பது வயசு. அங்க ரெண்டு டீமு, ஒண்ணு சிவப்புச் சட்டை, இன்னொண்ணு நீலச் சட்டை. நம்ம ஊர்ல ரெண்டு தெருக்காரன் பொங்கலுக்குப் பொங்கல் முறைச்சுக்குவானே, அப்படி ஒரு பரம்பரைப் பகை. இவங்க நீலம். நீல டீம்ல ஒருத்தன், பேரு என் வாயில நுழையாது, அவன்னா பிள்ளைக்கு உசுரு. அந்த விளையாட்டுல பந்து ஜனங்க உக்காந்திருக்கிற பக்கம் வந்து விழுந்தா, பிடிச்சவங்களே வச்சுக்கலாமாம். திருப்பிக் குடுக்க வேணாமாம். அவன் அடிச்ச பந்து ஒண்ணு எனக்கு வேணும், அம்புட்டுத்தான் அந்தப் பிள்ளை கேட்டது. அதுக்காகவே இந்தக் கிளவுஸைத் தலைமாட்டுல வச்சுத் தூங்கும். பிறந்த நாளுக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கும் அதையே சொல்லுச்சு.

அதனால ஜூலை மாசம் ஒரு சனி ஞாயிறு சிவப்புக்காரன் ஊருக்கே கார்ல கிளம்பினோம். ரெண்டு டீமும் அங்க மோதுறாங்க. போற வழியெல்லாம் நான் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன். பந்து கம்பெனி சொத்து. டிப்போ வண்டியில டயர் கழண்டு உருண்டு வந்து உன் வீட்டு வாசல்ல விழுந்தா அது உன் டயராயிருமா? மாப்பிள்ளை சிரிச்சார். பிள்ளை கிளவுஸை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. சுகந்தி ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தா. அவ பேசவே மாட்டா, என்கிட்ட ஒரு மரியாதை.

வெயில்னா வெயில் அப்படி ஒரு வெயில் தம்பி. அமெரிக்கான்னா பனின்னு நினைச்சிருந்தேன். நம்ம சித்திரை வெயில் மேல இருந்து அடிக்கும், அது கீழ இருந்தும் அடிக்குது. எங்க சீட்டு உச்சாணியில. தலைக்கு மேல கூரையில்ல. பெஞ்சுல கை வைக்க முடியல. பிள்ளை கிளவுஸை மேல போட்டு அதுல உக்காரச் சொல்லிச்சு அவங்க அம்மாவை. உக்காந்த கொஞ்ச நேரத்துலயே சுகந்திக்கு முகம் வெளுத்துப் போச்சு.

சுகந்திக்கு வெயில் ஆகாது. தலையில ஆணி அடிச்ச மாதிரி வலிக்கும், வாந்தி வரும், அப்புறம் ரெண்டு நாள் இருட்டு ரூம்ல கிடப்பா. உடம்பு வாகு, அவ அம்மா மாதிரி. பிறவியில இருந்தே வந்ததுன்னு சொல்ல மாட்டேன். எட்டாப்பு படிக்கும்போது வந்துச்சு. அதையும் சொல்லிடறேன், என் சர்வீஸ்ல அது பேர்போன கேஸ்.

அப்ப கோவில்பட்டியில இருந்தோம். சாத்தூர்ல ஒரு கான்வென்ட்ல அவளைச் சேத்திருந்தேன். தினம் சாதா வண்டியில போய் வருவா, பள்ளிக்கூடப் பாஸ். பங்குனி மாசம், உச்சி வெயில். நான் இந்த ரோட்டுல, சாத்தூர் தாண்டி நள்ளிக்குப் பிரியுற விலக்குப் பக்கம், ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியைக் கை காட்டி நிறுத்தி ஏறினேன். பாத்தா பின் சீட்டுல சுகந்தி சுருண்டு உக்காந்திருக்கா. பாஸ் எக்ஸ்பிரஸ்ல செல்லாது. கண்டக்டர் ஓடி வாரான். சார், நம்ம பாப்பா சார், உடம்பு முடியலன்னு பாதியில வருது சார், நானே டிக்கெட் போட்டுடறேன் சார்ங்குறான். நம்ம பாப்பா, உங்க பாப்பான்னு வண்டியில என்ன பாப்பா? விசில் அடிச்சு நிறுத்தி இறக்கி விட்டேன். வண்டியே வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சு.

வீடு வந்து சேரப் பொழுது இறங்கிருச்சு. பாதி தூரம் நடந்திருக்கா. அப்புறம்தான் என் வீட்டுக்காரி சொன்னா, பிள்ளை அன்னைக்குத்தான் பெரிய மனுஷியாகியிருக்கு, பாவாடையெல்லாம் கறையோட அம்புட்டுத் தூரம் வந்திருக்குன்னு. எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. சொல்லியிருந்தாலும் பாஸ் செல்லாதுதான், அது வேற. டிப்போ விழாவுல எனக்குச் சால்வை போத்தினாங்க. சொந்த மகளையே இறக்கி விட்டவர்னு மைக்குல சொன்னாங்க. என் வீட்டுக்காரிதான் அந்தச் சால்வையைக் கடைசி வரைக்கும் பீரோவுல வைக்க விடல.

என்ன தம்பி, பாப்பாவை இறுக்கிப் பிடிக்கிறீங்க? தூங்கட்டும், விடுங்க.

சரி, விளையாட்டுக்கு வாரேன். மாப்பிள்ளை கீழ இறங்கிப் போனார். அங்க சீட்டு காட்டுறதுக்குன்னு ஒரு கிழவர், வைக்கோல் தொப்பி, கையில துணி. வாரவங்களுக்கு சீட்டைத் துடைச்சு விடுறதுதான் அவர் வேலை. அவர்கிட்ட என்ன சொன்னாரோ, கை காட்டி எங்களைக் கூப்பிட்டார். கீழ, முன்னாடி, கூரை நிழல்ல, நாலு சீட்டு காலி. அது யாரோ வருஷம் பூரா எடுத்து வச்ச சீட்டாம், இந்த வெயிலுக்கு அவங்க வர மாட்டாங்களாம், உங்க வீட்டம்மாவுக்கு முடியலல்ல, உக்காந்துக்கங்கன்னு அந்தக் கிழவரே சொன்னாராம். அந்த சீட்டையும் துடைச்சு விட்டார். சுகந்தி தலையில வைக்கிறதுக்கு ஒரு டம்ளர் ஐஸ் வேற வாங்கிட்டு வந்து குடுத்தார்.

எனக்கு உக்காந்த உடனே தெரிஞ்சு போச்சு. டிக்கெட்ல ஒரு நம்பர், சீட்டுல ஒரு நம்பர். மாப்பிள்ளை போட்டோ எடுக்கச் சொல்லி போனை என்கிட்டதான் குடுத்திருந்தார், டிக்கெட் அதுலதான் இருந்துச்சு. உள்ள நுழையுற கேட்டுலயே நம்பரை நான் பாத்து வச்சுக்கிட்டேன்.

ஆனா உடனே சொல்லல. இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு தம்பி, கேளுங்க. சாத்தூர் டிக்கெட்ல ஒருத்தன் கோவில்பட்டி போறான்னு வைங்க. சாத்தூர்லயே போய், ஏய் உன் ஸ்டாப் வந்துருச்சுன்னு சொன்னா இறங்கிப் போயிருவான். அப்புறம் தப்பு எங்க இருக்கு? கேஸே இல்லாமப் போயிரும். அவனை விடணும். டிக்கெட் முடியுற ஸ்டேஜைத் தாண்டணும். வண்டி நல்லா வேகம் எடுத்தப்புறம் எந்திரிச்சுப் போய்த் தோள்ல கை வைக்கணும். அதுக்குப் பொறுமை வேணும். டிப்போவுல என் அளவு பொறுமைக்காரன் கிடையாது.

அப்படித்தான் உக்காந்திருந்தேன். நல்ல நிழலு. லெமன் ஜூஸ் குடிச்சேன். சுகந்தி முகத்துல கொஞ்சம் களை திரும்புச்சு, மாப்பிள்ளை தோள்ல சாஞ்சுக்கிட்டா. அவ சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். பிள்ளை கிளவுஸை மாட்டிக்கிட்டு எந்திரிச்சு நிக்குது. அந்த நீலச் சட்டைக்காரன் பக்கத்துல வந்து மட்டையைச் சுழட்டிப் பழகுறான், இதைப் பாத்துக் கையை வேற ஆட்டினான். பிள்ளை என் தொடையில அடிச்சு அடிச்சுக் குதிக்குது. தாத்தா, பந்து இந்தப் பக்கம்தான் வரும் தாத்தாங்குது. அது என்னைத் தானா வந்து தொட்டதும் அன்னைக்கு ஒரு நாள்தான்.

அடுத்து அவன் அடிக்க இறங்கணும். அதுதான் நேரம்னு பட்டுச்சு. எந்திரிச்சேன்.

கிழவரைக் கூப்பிட்டு போனைக் காட்டினேன். இது எங்க சீட்டு இல்லன்னேன். கிழவர் சிரிக்கிறார். தெரியும் சார், பரவாயில்ல, உக்காருங்கங்குறார். பரவாயில்லன்னா என்ன அர்த்தம்? அவங்க அப்பன் வீட்டு சீட்டா? எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. அங்க வயர்லெஸ் வச்சுக்கிட்டு ஒரு ஆபீசர் நின்னான், இளவட்டம். நேரா போய், நான் இந்தியாவுல செக்கிங் இன்ஸ்பெக்டர்னு சொல்லி, எங்க டிக்கெட்டையும் சீட்டையும் அந்தக் கிழவரையும் காட்டினேன். அவனுக்கே சங்கடமாப் போச்சு, ஆனா அம்புட்டுப் பேரு பாக்கும்போது என்ன செய்வான்? வந்து எந்திரிக்கச் சொல்லிட்டான். கிழவர் துணியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு அவன் பின்னாடியே போனார். அப்புறம் அந்தப் பக்கம் அவரைப் பாக்கல.

சுகந்தி என்னைப் பாத்து, "அப்பா, வேணாம்ப்பா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தாத்தா, அடுத்து அவர்தான். அவர் அடிக்கிற வரைக்கும் மட்டும். ப்ளீஸ் தாத்தா"ங்குது.

சட்டத்துல மட்டும்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு ஏறினேன்.

என்ன, எந்த ஊரா? வண்டி நின்னா நிக்கட்டும் தம்பி, அது பாட்டுக்குப் போகும். பைபாஸ்ல எங்க பாத்தாலும் இப்படித்தான் நிறுத்துவான். எம்மா, வெள்ளரிக்கா வேணாம்மா, ஜன்னல்ல கையை விடாத. பாருங்க, அந்தக் கண்டக்டர் வாயைத் தொறந்து ஊர் பேரு சொல்றானா? காதுல போனு. இதையும் எழுதிப் போடுவேன். நீங்க இங்கிட்டுத் திரும்புங்க. இப்பத்தான் முக்கியமான இடமே வருது.

பாதி படி ஏறியிருப்போம். வெயில் உச்சந்தலையில. கீழ டப்புன்னு ஒரு சத்தம். ஜனமே எந்திரிச்சு நிக்குது. அந்த நீலச் சட்டைக்காரன் அடிச்ச பந்து கோணலாப் போய், எங்க போய் விழுந்துச்சுன்னு நினைக்கிறீங்க? நாங்க உக்காந்திருந்த அதே சீட்டு. பிள்ளை நின்ன அதே இடம். சீட்டுல பட்டு எகிறி, அதே சீட்டுல வந்து உக்காந்துச்சு, கோழி முட்டை கணக்கா. எடுக்க ஆளில்ல. காலி சீட்டுல பந்து தனியா இருக்கிறதைப் பெரிய திரையில போட்டுக் காட்டுறான், ஊரே சிரிக்குது. அப்புறம் பக்கத்து வரிசையில இருந்து ஒரு குண்டன் வந்து எடுத்துத் தன் மகன் கையில குடுத்தான்.

பிள்ளை அழுகல தம்பி. அழுதிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேன். திரையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் கிளவுஸைக் கழட்டி, படியில வச்சுட்டு, மேல ஏறிப் போயிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. பொருளோட அருமை தெரியல. நான்தான் எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டேன். பாத்தியா ஆதிரை, பேராசைப்பட்டா இப்படித்தான்னு ஒரு வார்த்தை சொன்னேன். சின்ன வயசுலயே சொல்லிக் குடுக்கணும்ல.

சுகந்தி மேல வந்து சேரல. நடுப்படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வாந்தி. கண்ணைத் தொறக்க முடியல. மாப்பிள்ளை என்னைத் தாண்டி ஓடினார், தோள் இடிச்சது, சாரி சொல்லல. நான் பக்கத்துல போய்க் குனிஞ்சு, என்னம்மா, கொஞ்ச வெயிலுக்கே இப்படியான்னு கேட்டேன். அவ கண்ணை மூடிக்கிட்டே ஒண்ணு கேட்டா தம்பி. விளையாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

"அன்னைக்கு வண்டி கிளம்பினப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தீங்களா அப்பா?"

நான் உள்ளதைச் சொன்னேன். டூட்டியில இருக்கிறவன் திரும்பிப் பாக்க மாட்டாம்மான்னேன். அவ தலையை ஆட்டினா. அம்புட்டுத்தான். அதுக்குள்ள ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வந்து அவளை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆட்டத்துல நீலம் ஜெயிச்சுச்சு. நான் ஒருத்தன்தான் எங்க சீட்டுல கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன். டிக்கெட் எடுத்துட்டு வீணாக்கலாமா?

திரும்பி வரும்போது கார்ல சுகந்தி பின் சீட்டுல கண்ணுல ஈரத்துணி போட்டுச் சாஞ்சிருக்கா, பிள்ளை அவ மடியில. வீடு வந்து சேரப் போற நேரத்துல துணியை எடுக்காமலே சொன்னா. "அப்பா, உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு."

எனக்கு நெஞ்சு குளுந்துச்சு தம்பி. புத்தி வந்துருச்சு பிள்ளைக்கு, அடுத்த ஆட்டத்துக்கு முறையா நிழல்லயே டிக்கெட் எடுத்திருக்கான்னு நினைச்சேன். எந்த சீட்டும்மான்னு கேட்டேன். மாப்பிள்ளை வண்டியை ஓரமா நிறுத்திட்டு இறங்கி நின்னுக்கிட்டார். "ஜன்னலோரம்ப்பா. மதுரை வரைக்கும்"னா. ரிட்டர்ன் எப்பன்னு கேட்டேன். அவ துணியை இன்னும் கீழ இழுத்து விட்டுக்கிட்டா.

ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளைதான் கொண்டாந்து விட்டார். பிள்ளை மாடி ஜன்னல்ல, என் ரூம் ஜன்னல்ல, நின்னுச்சு. தாத்தாவுக்கு டாட்டா காட்டுன்னேன். காட்டல. இப்பவும் போன் பண்ணினா மாப்பிள்ளைதான் எடுப்பார், எல்லாரும் நல்லா இருக்கோம் மாமாம்பார், அம்புட்டுத்தான். ஹாஸ்டலுக்குக் காசு மட்டும் தவறாம வந்துருது.

நீங்களே சொல்லுங்க தம்பி. என் மேல என்ன தப்பு? யாரு சீட்டுல யாரு உக்காந்தா? அடுத்தவன் நிழல்ல உக்காந்து ஒரு பந்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து அந்தப் பிள்ளை ஆயுசு பூரா வச்சுக்கிட்டிருந்தா அது நல்லாவா இருக்கும்? சொல்லுங்க. ஜன்னல்ல என்ன பாக்குறீங்க?

சாத்தூரா? சாத்தூர் போயிருச்சே தம்பி. வெள்ளரிக்கா வித்தாங்களே, அதுதான். நீங்க ஊர் கேட்டீங்க, நான் கதை சொல்லிட்டிருந்தேன். வைப்பாத்துப் பாலமே தாண்டியாச்சு.

தெரியும். சாத்தூர் வாரப்பவே எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்தான். ஆனா தன்னோட ஸ்டாப்பைத் தான் பாத்து இறங்கிக்கிறது பயணியோட பொறுப்பு. நான் இப்பத்தானே உங்களுக்குச் சொன்னேன், முன்னாடியே சொல்லிட்டா கேஸே இல்லாமப் போயிரும்னு. நீங்க நல்லா காது குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?

இருங்க, உக்காருங்க. இப்ப நீங்க ஸ்டேஜ் தாண்டிப் பயணம் பண்றீங்க. ரெண்டு பேரு. கண்டக்டர், போனை வச்சுட்டு இங்க வாப்பா. இவரு டிக்கெட்டைப் பாரு. சாத்தூரோட முடிஞ்சிருச்சு.

என்னது, பரவாயில்லையா? கோவில்பட்டியில இறக்கி எதிர் வண்டியில ஏத்தி விடுறியா? பிள்ளை தூங்குதா? பிள்ளை தூங்கினா டிக்கெட் நீளுமா? எப்பா, நான் யாருன்னு உனக்குத் தெரியும்ல. இவரே மறுபடி டிக்கெட் எடுக்குறேங்குறாரா? தப்புப் பண்ணிட்டுப் பிடிபட்டப்புறம் எடுக்குறது டிக்கெட் இல்ல. உன் பேரு என்ன? சொல்லு. பேரையும் வண்டி நம்பரையும் சேத்தே எழுதிடறேன். அப்படி வா வழிக்கு. விசில் அடி.

கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அரை டிக்கெட் எடுத்த மனுஷன் நீங்க, அதை நான் எங்க வேணாலும் சொல்வேன். பாப்பாவை எழுப்புங்க. பையை எடுத்துக்கங்க, நான் பாத்துக்குறேன்னு சொன்னேன், பாத்துக்கிட்டேன், அப்படியே இருக்கு பாருங்க. படியில பாத்து இறங்குங்க. அந்தப் பக்கம் கடந்து போனா சாத்தூர் வண்டி வரும். நிப்பானான்னு சொல்ல முடியாது, இது ஸ்டாப் இல்ல. பாப்பா தலையில ஒரு துண்டைப் போடுங்க. ஒதுங்க மரம்தான் இல்ல, முன்னாடி இருந்துச்சு. சுகந்தியை இறக்கி விட்டப்பக்கூட இங்க ஒரு புளியமரம் நின்னுச்சு. ஆமா, இந்த இடந்தான்.

நீங்க வாங்க சார், ஏன் நிக்குறீங்க? இடம் காலியாயிருச்சுல்ல. இந்தப் பக்கம் நிழல்.

பாப்பா, இங்க பாரு, தாத்தாவுக்கு டாட்டா காட்டு. காட்டு. பாத்தீங்களா சார், காட்டுறாளா? என் பேத்தியும் இப்படித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு யாருமே ஒண்ணும் சொல்லிக் குடுக்குறதில்ல.

ரைட், போலாம்.